தாய்மையும் தலைமையும்

நியூஸிலாந்துத் தொழிற்கட்சியின் தலைமையை ஜஸிந்தா ஆர்டெர்ன் அம்மையார் 1-8-2017இல் ஏற்றார். அன்று மாலையே தொலைக்காட்சியில், பிள்ளைப்பேறா பதவியா என்னும் வினா எழுந்தது. மறுநாட் காலை மற்றொருவர், பணி கொடுப்போர் இதனை அறிதல் வேண்டுமென வாதிட்டார். இக்காலத்தில் எப்பெண்ணும் பணியிடத்தில் இதற்கு விடையிறுக்க வேண்டுவதில்லை என்று அம்மையார் மறுத்துரைத்தார். 2000இல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி பிளேயருக்கு மகன் பிறந்தபொழுதோ, அவர் சின்னாள் ஓய்வு கொள்வாரா என்பதே பேச்சு, ஆளத்தக்கவரோ என்பதன்று.

அம்மையார் 2018 ஜூனில், பிரதம மந்திரியாயிருக்கையிலேயே, பெண்மகவொன்றை ஈன்றார். செப்டம்பரில் நௌருத் தீவில் பசிபிக் நாட்டுத் தலைவர்களின் மகாநாடு கூடிற்று. பால் மறவாச் சேயை நெடிது பிரிய மாட்டாமல், ஒரே நாளில் மீளுமாறு தனியே விமானமேறினார். பொதுப்பணம் விரயமாயிற்றென்று சிலர் தூற்றினர். செல்லாதிருப்பினும் பழியே வந்திருக்கும் என்று அவர் கூறியதை யாம் ஐயுறோம். பிள்ளையால் கடமை தவறினார் என்றன்றோ அப்பொழுது எழுதியிருப்பர்!