'மொட்டு' என்றால் ஃபெயிலா?

கேள்வி: அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், கணக்கில் 'மொட்டு' நிலையில் இருப்பதாக டீச்சர் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தனியார் பள்ளியில் 92 மார்க். ஃபெயில் என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறார்களா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: பூப்பெயர் வைத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்! ஆனால் ஃபெயில் இல்லை அம்மா. மக்குப் பிள்ளைகளைத் தனியே பிரித்து உட்காரவைக்கும் பெயரும் இல்லை.

கொரோனாவில் மூடிய தொடக்க வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பரில்தான் திறந்தன. அன்று இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பின் வாசலையே மிதித்ததில்லை. எழுத்து தெரிந்ததும் தெரியாததும் ஒரே பெஞ்சில். அதற்காக 2022 ஜூனில் வந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடு என்பது அதன் ஏற்பாடு. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகள். பாடத்துக்குப் பாடம் படி மாறும். உங்கள் மகள் தமிழில் மலராகவே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த 92-க்கு வருவோம். 42-இல் 17 போனால் எவ்வளவு? ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. 2-இல் 7 போகாது என்றதும், 7-இல் 2-ஐக் கழித்துவிட்டது. இன்னொன்று 26 என்கிறது. கடன் வாங்கியதெல்லாம் சரி, விரல் எண்ணும்போது ஒன்று தப்பிவிட்டது. மார்க் போட்டால் இரண்டுக்கும் முட்டைதான். ஆனால் முதல் பிள்ளைக்குப் பத்து ஈர்க்குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டிக் கடன் வாங்குவதையே முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். இரண்டாவதுக்கு 'மறுபடி எண்ணு' என்றால் போதும். பாடம் நடக்கும்போதே இப்படிக் கவனித்து அடுத்ததை முடிவு செய்வதை வளரறி மதிப்பீடு என்பார்கள். பருவம் முடிந்ததும் பரீட்சை வைத்து மொத்தமாகப் பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு. 92 இரண்டாவது வகை. மீதி 8 எங்கே போயிற்று என்று அது சொல்லாது.

'மொட்டு' என்ற ஒற்றைச் சொல்லும் அதைச் சொல்லாது என்பது வேறு விஷயம். ஆகவே, "எப்போ மலருக்குப் போவா?" என்று கேட்காமல், "எந்தக் கணக்குல தடுக்குறா டீச்சர்? நோட்டைக் காட்டுங்க" என்று கேளுங்கள். பள்ளி விட்டபின் போவது நல்லது. வகுப்பு நேரத்தில் டீச்சருக்கு நின்று பேச நேரம் இருக்காது.