பழைய போர் ஜெட்டை மறுபடி பறக்கவைக்க

புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எங்கள் பிள்ளைச்சாவடியில்தான் இருக்கிறது. விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகள் அவ்வப்போது வீட்டுக்கு வருகிறார்கள். சுற்றிச் சுற்றி ஒரு கேள்விக்குத்தான் வருவார்கள். "சார், பீடத்துல நிக்க வச்சிருக்காங்களே ஜெட்டு, அதுல ஒண்ணை இறக்கி மறுபடி பறக்கவைக்க முடியுமா?" 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்ற பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. ஆசையோடு கேட்கிற பிள்ளைகளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பீடத்தில் நிற்பதை விட்டுவிடுங்கள். காட்சிக்குக் கொடுக்கும் முன்பே இன்ஜின், கருவிகள், இருக்கையின் வெடிமருந்து போன்றவற்றை எடுத்துவிடுவது வழக்கம். கம்பத்தில் ஏற்றுவதற்காக அடிவயிற்றில் ஓட்டை போட்டு இரும்புச் சட்டம் நுழைக்கிறார்கள். லாரியில் கொண்டுபோக வசதியாக இறக்கையின் ஸ்பாரையே அறுத்த விமானங்களும் உண்டு. பறக்கும்போது மொத்தச் சுமையையும் தாங்குவது அந்த ஸ்பார்தான். அறுத்ததை வெல்டிங் வைத்து ஒட்டி யாரும் பறக்க முடியாது. அப்படிப்பட்ட விமானத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம், மழைத்தண்ணீர் தேங்காமல் வடிகால் துளைகளைத் திறந்துவைத்து, மேலே ஒரு கூரை போடுவது.

அப்படியானால் எதை எடுப்பது? நம் விமானப்படையின் பாரம்பரியப் பிரிவில் பறப்பவை டைகர் மாத், ஹார்வர்ட், டகோட்டா. மூன்றும் விசிறி வைத்த பிஸ்டன் விமானங்கள். ஜெட் அந்த வரிசையில் இல்லை. நம்முடைய முதல் ஜெட் 1948இல் வந்த வாம்பயர். அதன் விமானி உட்காரும் பகுதி பால்சா மரமும் ப்ளைவுட்டும் சேர்த்து ஒட்டியது. பசை விட்டுப்போனால் முடிந்தது கதை. அடுத்து 1953இல் பிரான்சிலிருந்து வந்த தஸ்ஸோ ஊராகான். நாம் அதற்குத் 'தூஃபானி' என்று பெயர் வைத்தோம். புதுச்சேரியை விட்டு பிரெஞ்சுக்காரர்கள் போனது 1954இல். அவர்கள் செய்த போர் விமானம் அதற்கு முந்தின வருடமே நம் படைக்கு வந்துவிட்டது என்பதை இங்கே பலரும் அறியவில்லை. பெங்களூரில் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961இல் முதன்முதலாகப் பறந்த மாருத் எல்லாருக்கும் கனவு. எனக்கும்தான். ஆனால் அது 1990இலேயே ஓய்வு பெற்றுவிட்டது. இன்ஜின் ஒரு வேளை கிடைக்கலாம். அந்த உடற்கூட்டுக்கு உதிரிபாகம் செய்த அச்சுகளையும் செய்த கைகளையும் எங்கே தேடுவது?

என்னைக் கேட்டால் கிரண்தான். 1964இல் முதலில் பறந்த பயிற்சி ஜெட், ஹெச்.ஏ.எல். தயாரிப்பு. தாம்பரத்தில் நான் வேலை பார்த்ததும் அதில்தான். அதன் முதல் வகையில் இருக்கும் வைப்பர் இன்ஜினின் உறவுகள் இங்கிலாந்தில் தனியார் வைத்திருக்கும் ஜெட் ப்ரோவோஸ்ட் விமானங்களில் இன்னும் ஓடுகின்றன. வெளிநாட்டில் மீட்டெடுத்துப் பறக்கவைக்கும் ஜெட்டுகளில் பயிற்சி விமானங்கள் ஏன் இத்தனை என்று பார்த்தால் காரணம் புரியும்: ஒலியின் வேகத்தைத் தாண்ட வேண்டாம், ஆஃப்டர் பர்னர் கிடையாது, அமைப்பு எளிது. கிரண் பணியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்த ஃபிட்டர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வரைபடங்கள் பெங்களூரில் இருக்கின்றன. ஒன்றிரண்டை முழு ஆவணங்களோடு, பறக்கும் நிலையிலேயே பாரம்பரியப் பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். நின்றுபோன ஜெட்டை எழுப்புவதைவிட, ஓடிக்கொண்டிருப்பதை நிற்கவிடாமல் பார்ப்பது பல மடங்கு சுலபம். நீண்ட நாள் நிறுத்திவைத்த ஒரு கிரணை மறுபடி வரிசைக்குக் கொண்டுவந்த குழுவில் இருந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அந்த வேலை ஸ்பேனரில் தொடங்கவில்லை, லாக் கார்டில் தொடங்கியது. ஜெட்டில் முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுள் கணக்கு உண்டு. சிலதுக்குப் பறந்த மணி நேரம், சக்கரக் கால்களுக்கு இறங்கிய தடவை, ரப்பருக்கும் வெடிமருந்துக்கும் காலண்டர். கார்டு இல்லாத பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பழைய இரும்புதான். நிறுத்திவைத்த விமானம் முழுசாகவும் நிற்காது. பறக்கிற விமானத்துக்கு அவசரமாக ஒரு வால்வு வேண்டுமென்றால் நிற்பதிலிருந்துதான் கழற்றுவார்கள். ஆகவே எது இருக்கிறது, எது போனது, போன இடத்தில் வந்தது எது என்று பட்டியல் எடுப்பதே பெரிய வேலை. அந்தப் பட்டியல் முடியும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் வல்கன் குண்டுவீச்சு விமானம் எக்ஸ்.ஹெச்.558 சாட்சி. 1993இல் நின்றது, பெரும் பொருட்செலவில் சீராக்கி 2007 அக்டோபரில் மறுபடி எழுந்தது. 2015இல் இறக்கிவிட்டார்கள். விமானம் பழுதாகி விழவில்லை. அதன் பாதுகாப்புக்குப் பொறியியல் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன. கையெழுத்துப் போட ஆளில்லாத விமானம் பறக்க முடியாது. நம் டகோட்டா வேறு வழியில் வந்தது. ராஜீவ் சந்திரசேகர் அதை அயர்லாந்தில் கழிவாகக் கிடந்த நிலையில் வாங்கி, இங்கிலாந்தில் சீராக்கி விமானப்படைக்கு அளித்தார். 2018 ஏப்ரலில் அது நாடு நாடாக இறங்கி ஏறிப் பறந்தே இந்தியா வந்தது. 'பரசுராமா' என்று பெயர், வி.பி.905 என்று எண். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதல் படையினரைக் கொண்டுபோன டகோட்டாவின் எண் அது.

அடுத்தது அரிப்பு. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பி செம்மண் நிறத்தில் உதிர்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், விமானத்திலும் அந்த நிறத்தைத் தேடுகிறார்கள். அலுமினியம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும். முற்றினால் உலோகம் நனைந்த புத்தகத்தின் தாள்கள் போலப் பிரிந்து உப்பும். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத புடைப்பு கைக்குத் தெரியும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கோடு இருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது என்று அர்த்தம். அலுமினியத்தின் மேல் இரும்பு நார் போட்டுத் தேய்க்கவே கூடாது. அதன் துகள் உள்ளே பதிந்து புது அரிப்பைத் தொடங்கிவைக்கும். மக்னீசியம் கலந்த உறைகள் இன்னும் மோசம். உப்புக்காற்று பட்டால் கரைந்தே போகும். இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, விரிசல் சோதனை செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். கடற்கரை ஊரில் இந்த வேலையை எடுக்க நினைப்பவர்கள் முதல் பணத்தை ஈரப்பதம் கட்டுப்படுத்திய ஹேங்கருக்குச் செலவழியுங்கள், பெயின்ட்டுக்கு அல்ல.

ரப்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓ-ரிங், ஹோஸ், பை டேங்க், டயர் எல்லாம் மாற்ற வேண்டும். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும்.

என் துறை இன்ஜின். நிற்கிற இன்ஜினுக்கு முதல் எதிரி பேரிங்கில் இறங்கும் ஈரம். முதலில் கையால் மெல்லச் சுற்றி, காதை வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய ஓசை வர வேண்டும். உரசலோ நறநறப்போ கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். பிறகு போரோஸ்கோப் விட்டு ஒவ்வொரு பிளேடாகப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் எரிபொருள் இல்லாமல் ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றி எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பது. தீ மூட்டுவது கடைசியில்தான். முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் கண் ஜெட் பைப் வெப்பமானியை விட்டு நகரக் கூடாது, கை எரிபொருளை அடைக்கும் காக்கில் இருக்க வேண்டும். அணைத்த பிறகு ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்து, இன்ஜின் முழுசாக நிற்க எத்தனை விநாடி என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே ஏதோ பிடிக்கிறது.

எதை உள்ளே வைத்தோமோ அதை எண்ணி வெளியே எடுக்க வேண்டும் என்பதும் இங்கேதான். அதே வல்கனில், 2012 மே மாதம், ஈரம் உறிஞ்சுவதற்காக வைத்த சிலிக்கா ஜெல் பைகள் உள்ளே இழுக்கப்பட்டு இரண்டு இன்ஜின்கள் வீணாயின. எங்கள் குழுவில் வைக்கும் ஒவ்வொரு பைக்கும் எண் போட்டு, சிவப்பு நாடா கட்டி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கை. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. விமானியை வெளியே எறியும் இருக்கைக்குள் வெடிமருந்துத் தோட்டாக்கள் உள்ளன, அவற்றுக்குக் காலாவதி உண்டு. 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் ஒரு ஹண்டர் ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் இருக்கை அல்ல. ஆனால் விசாரணையில் அதன் தோட்டாக்கள் காலாவதியாகியிருந்தது தெரியவந்தது. நம் படையும் 1957 முதல் பறக்கவிட்ட விமானம்தான் ஹண்டர். பாதுகாப்பு ஊசிகள் அனைத்தும் குத்தியிருக்கின்றன என்று ஆயுதப் பிரிவுக்காரர் சொல்லும்வரை காக்பிட்டுக்குள் தலையை நீட்டாதீர்கள். பள்ளி, கல்லூரி வாசலில் நிற்கும் ஜெட்டுக்கும் இது பொருந்தும். தோட்டாக்கள் எடுக்கப்பட்டதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

எல்லாம் முடிந்து ஓடுபாதைக்கு வந்த பிறகும் அவசரம் வேண்டாம். முதலில் மெதுவாக ஓட்டி பிரேக் பார்ப்பது, பிறகு வேகமாக ஓட்டி, எழாமலே நிறுத்துவது. முதல் பறப்பு நல்ல வானிலையில், விமான நிலையம் கண்ணில் படும் தூரத்துக்குள், சுருக்கமாக. வித்தை காட்டும் பறப்பெல்லாம் பல மாதம் கழித்துப் பேச வேண்டிய விஷயம். இறங்கி வந்ததும் எல்லாரும் விமானியைச் சூழ்ந்து கைகுலுக்குவார்கள். இன்ஜின் ஃபிட்டர் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. சூடு ஆறியதும் எண்ணெய் ஃபில்ட்டரைக் கழற்றி, வெள்ளைத் துணியில் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் துகள் இருந்தால், அடுத்த பறப்பு எப்போது என்று யார் கேட்டாலும் தேதி சொல்லாதீர்கள்.