பேச மறுக்கும் மாட்யூல்கள்!



காரின் எலெக்ட்ரிகல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாட்டரி, ஸ்டார்ட்டர், ஹாரன், லைட்தான். ஆனால் இன்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டியில் என்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேகுக்கு ஒன்று, மீட்டர் போர்டுக்கு ஒன்று என்று பல மாட்யூல்கள் இருக்கின்றன. இவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு வயர், பல பேர்

மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு 'கேன்' என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் இதை வெளியிட்டது. 1993-இல் ஐ.எஸ்.ஓ. 11898 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. ஒவ்வொரு சிக்னலுக்கும் தனித்தனி வயர் இழுப்பதற்குப் பதிலாக, முறுக்கிய இரண்டே வயர். ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ.

யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். '0' என்ற பிட்டை அனுப்பும்போது ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். கேட்கும் மாட்யூல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். வயர்கள் முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும், வித்தியாசம் மாறாது. லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். சிக்னல் முனையில் மோதித் திரும்பி வராமல் தடுப்பது இதன் வேலை.

அட்டெண்டன்ஸ் எடுக்கும் கதை

ஒவ்வொரு மாட்யூலும் குறிப்பிட்ட இடைவெளியில் தன் செய்தியைச் சொல்லியாக வேண்டும். குரல் வராவிட்டால் மற்ற மாட்யூல்கள் 'யு' என்று தொடங்கும் கோடு ஒன்றைப் பதிவு செய்யும். உதாரணமாக யு 0100 என்றால் என்ஜின் மாட்யூலின் குரல் வரவில்லை. யு 0121 என்றால் ஏ.பி.எஸ். மாட்யூலின் குரல் வரவில்லை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்கேனரில் யு 0121 வந்தவுடன், "ஏ.பி.எஸ். மாட்யூல் போச்சு, மாத்தணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நம் வகுப்பில் ஒருவனுக்கு ஆப்சென்ட் போட்டால், அவனுக்குக் காய்ச்சலா, பஸ் வரவில்லையா, கேட்டைப் பூட்டிவிட்டார்களா என்று ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் கோடும் அப்படித்தான். யார் வரவில்லை என்று சொல்லும், ஏன் வரவில்லை என்று சொல்லாது.

முதலில் புகார்களைப் படியுங்கள்

கோடுகளை அழிக்கும் முன் எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்து, யார் யார்மேல் புகார் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பலரும் ஒருவரையே சொன்னால், அந்த மாட்யூல் இருக்கும் பக்கம் பாருங்கள். ஒரே ஒரு மாட்யூல் மட்டும் எல்லோர்மேலும் புகார் சொன்னால், கோளாறு அதன் காதில்தான். எல்லோரும் எல்லோரையும் சொன்னால் மெயின் லைன் அடிபட்டிருக்கலாம். பாட்டரி இறங்கிய வண்டியிலும் ஸ்டார்ட் அடிக்கும்போது இந்தக் கோடுகள் கொத்தாக வரும். எனவே பாட்டரியைச் சரி செய்து, கோடுகளை அழித்து, எது திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இனி மீட்டரை எடுங்கள்

1. ஓம் சோதனை: பாட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். 16 பின் டயக்னாஸ்டிக் கனெக்டரில் 6-க்கும் 14-க்கும் இடையே அளந்து பாருங்கள். 60 ஓம் வந்தால் இரண்டு ரெசிஸ்டரும் இருக்கின்றன. 120 வந்தால் ஒரு முனை துண்டிப்பு. 0-க்கு அருகில் வந்தால் ஹையும் லோவும் ஷார்ட். 40 வந்தால் மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டர் எங்கோ சேர்ந்திருக்கிறது. கேட்வே மாட்யூல் உள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு மாறும். அங்கே வயரிங் படம் இல்லாமல் இறங்காதீர்கள்.

2. வோல்ட் சோதனை: பாட்டரியை மாட்டிச் சாவியைப் போடுங்கள். எர்த்திலிருந்து அளந்தால் ஹை 2.5-க்குச் சற்று மேலும், லோ சற்றுக் கீழும் காட்ட வேண்டும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், 3.5-ஐயும் 1.5-ஐயும் நேரில் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். லோ 0 காட்டினால் எர்த்தோடு ஷார்ட். 12 காட்டினால் பாட்டரி வயரோடு ஷார்ட்.

3. கழற்றும் சோதனை: லைன் முழுவதும் செத்திருந்தால் மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது மற்றவை பேசத் தொடங்குகின்றனவோ, அந்த மாட்யூலையோ அதன் கிளை வயரையோ சந்தேகப்படுங்கள். ஏர்பேக் மாட்யூலை மட்டும் பாட்டரியைக் கழற்றாமல் தொடவே கூடாது.

ஓர் உதாரணம்

ஒரு வாடகைக் கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது, ஸ்பீடாமீட்டர் முள் அசையவில்லை. என்ஜின் மாட்யூலும் மீட்டர் போர்டும் யு 0121 சொல்கின்றன. 6-14 இடையே 60 ஓம்! அப்படியானால் வயரிங் நல்லது, மாட்யூல்தான் குற்றவாளியா?

அவசரப்படாதீங்க. 60 ஓம் என்பது மெயின் லைனுக்கு மட்டும் தரும் சான்றிதழ். ரெசிஸ்டர் இல்லாத ஒரு கிளை அறுந்தாலும் அந்த 60 மாறாது. எனவே ஏ.பி.எஸ். கனெக்டரைக் கழற்றி, ஹார்னஸ் பக்கம் உள்ள இரண்டு கேன் பின்களுக்கு இடையிலேயே அளக்க வேண்டும். அங்கும் 60 வந்தால் கிளை அறுபடவில்லை. அடுத்து சப்ளையும் எர்த்தும். மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் ஒற்றை இழையில் தொங்கும் வயரும் லோடு இல்லாதபோது 12 காட்டும்! ஆகவே சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் லோடில் வோல்ட் இறங்குகிறது. பாடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் ஏ.பி.எஸ். பேசத் தொடங்கிவிடும். இந்த பல்பைக் கேன் வயரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மழைநீர் இறங்கிப் பச்சை பூத்த கனெக்டர், எலி கடித்த வயர், வெளியில் மாட்டிய அலாரத்துக்காக நடுவில் வெட்டி ஒட்டிய இடம் இவையெல்லாம் நாம் முதலில் தேட வேண்டியவை. அறுந்த கேன் வயரை ஒட்டினால் பழைய முறுக்கு கெடாமல் ஒட்டுங்கள். இன்சுலேஷனில் ஊசி குத்திப் பார்க்காதீர்கள். அந்தத் துளையில் நாளை தண்ணீர் இறங்கும்.

தேவையில்லாமல் ஒரு மாட்யூலை மாற்றினால், அந்த வாடகைக் கார்க்காரரின் பல நாள் வருமானம் போய்விடும். பழைய துரு அப்படியே இருப்பதால் விளக்கும் மறுபடி எரியும். ஏ.பி.எஸ். வேலை செய்யாத வண்டியை மழை ரோட்டில் ஓட்டப்போவதும் அவர்தான். ஆகவே நண்பர்களே, சப்ளை, எர்த், வயர் மூன்றும் சரி என்று அளந்து எழுதிய பிறகே "மாட்யூல் போச்சு" என்று வாயைத் திறப்போம். டிப்ளமோ படித்தவன் கையில் ஸ்பானரோடு ஒரு மல்டிமீட்டரும் இருக்கட்டும்!

– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு