கோலா குலாவுக்குக் கிளம்புமுன் கடலைக் கேளுங்கள்

வறண்ட காட்டுச் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் எத்தனை போத்தல் தண்ணீர் என்று கணக்குப் போடுவார்கள். பாரிட் புந்தாரிலிருந்து கோலா குலா பறவைச் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் போட வேண்டியது கடலின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போய், "ஒரு கொக்குகூட இல்லையே" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடல் வற்றத்தில் போனவர்கள்தான்.

முதலில் மாதம். செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். சைபீரியப் பக்கத்துக் குளிருக்குத் தப்பித் தெற்கே பறக்கும் உள்ளான், பவளக்காலி கூட்டங்கள் இந்தச் சேற்றில் இறங்கி இரை தேடும். மற்ற மாதங்களிலும் கொக்கு, மீன்கொத்தி, செம்பருந்து உண்டு. ஆனால் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாதங்கள்தான்.

அடுத்தது நாள். இதற்குச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அட்டமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மந்தம். முன்னதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பினாங்குக்கான கடல் ஏற்ற அட்டவணையைக் கைப்பேசியில் திறந்து, காலை பத்து பதினொரு மணிவாக்கில் கடல் முழுதாக ஏறும் நாளைக் குறியுங்கள். நம் மேற்குக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும். நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே போன வாரம் போனவர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறார்? வற்றத்தில் சேற்றுத்திட்டு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துவிடும். பறவைகள் எங்கோ புள்ளியாய்ச் சிதறியிருக்கும், படகும் கிட்டே போகாது. முழு ஏற்றத்தில் சேறு மூழ்கிவிடும், அவையும் ஒதுங்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில், தண்ணீர் ஏற ஏற, மிஞ்சிய சேற்றில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கரையை நோக்கி வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு படகில் இருங்கள்.

பாதை எளிது. பாகான் செராய், சிம்பாங் அம்பாட் செமாங்கோல் வழியாகப் போய்க் கடற்கரைப் பக்கம் திரும்ப வேண்டும். காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் பாரிட் புந்தாருக்கு ரயிலில் வரலாம். அதற்குமேல் வண்டி இல்லாமல் சிரமம். வழியில் புக்கிட் மேரா அணை நீர் பாயும் வயல்கள், பிறகு செம்பனை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கிரியான் வட்டாரம் கரும்புக்குப் பேர்போனது. ஒப்பந்தக் கூலிகளாய் வந்த நம்மவர்கள் கரும்பு வெட்டிய மண் இது. அதைச் சொல்லும் பலகை ஏதும் இருக்காது. பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படகை முதல் நாளே பேசிவிடுங்கள். எத்தனை வெள்ளி என்று கேட்பதோடு நிறுத்தாமல், படகுக்கா, ஆளுக்கா என்றும் கேளுங்கள். மிதவைச் சட்டை உண்டா என்பதையும் விடாதீர்கள். தொப்பி, மழைச்சட்டை, நீளக்கை, கொசு எண்ணெய், ஒரு தொலைநோக்கி போதும். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம்.

சேற்றோரம் மொட்டைத்தலையோடு, கழுத்தில் இறகில்லாமல், கருத்த முதுகும் வெள்ளை வயிறுமாய் அசையாமல் நிற்பது மலாய்க்காரர்கள் புரோங் பொத்தாக் என்பது. உடம்பெல்லாம் வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் அலகு, சிவந்த முகம் என்றால் அது புரோங் உப்பே. அதைக் கண்டால் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அழியும் நிலைக்குப் போன இனம். ஸூ நெகாரா விலங்குக்காட்சிசாலையில் வளர்த்து, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் இங்கே கொண்டுவந்து விட்டது. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடும் ஆட்களோடு ஒரே படகில் ஏறாமலிருப்பது நல்லது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவையைத் தின்ன விடாமல் விரட்டினால் திரும்பிப் போகத் தெம்பிருக்காது.

சாப்பாட்டுக்குக் கம்பத்துக் கடைகளில் இறால், மீன், நண்டு. பறவைகள் வந்திறங்கும் நேரம் புரட்டாசி என்பதால், விரதக்காரர்கள் வீட்டிலிருந்தே புளிச்சாதம் கட்டிக்கொள்வது உத்தமம்.