எதிர்வீட்டுக் கொடி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் என்னும் இரண்டு ஊர்கள் உள்ளன. இவற்றிற்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். உயர்ந்த கோபுரத்தாலும் பெரிய தேராலும் புகழ் பெற்றது. இராஜபாளையம் பஞ்சாலைகளால் வளம் பெற்ற தொழில் நகரம்.

ஆடிப்பூரத் திருநாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் வீதியில் அசைந்து வரும் காட்சி காணத் தக்கது. ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடித்து இழுப்பர். பார்ப்பவர் கண்களெல்லாம் தேரின் மீதும் வடத்தின் மீதுமே இருக்கும். ஆனால் சக்கரங்களின் அருகே சிலர் மரக்கட்டைகளை ஏந்தி நடப்பர். தேர் ஒரு பக்கமாக ஒதுங்கும்போதும், தெருமுனையில் திரும்பும்போதும், அளவுக்கு மீறி விரையும்போதும் அவர்கள் சக்கரத்தின்கீழ்க் கட்டையை இடுவர். அக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர்.

ஒருவர் செய்யும் செயலை மற்றொருவர் தடுத்தால், 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் பழித்துப் பேசுகிறோம். ஆனால் முட்டுக்கட்டை இல்லையென்றால் தேர் என்ன ஆகும்? வீதியோரத்து வீடுகளில் மோதும். இழுப்பவர்களுக்கே தீங்கு விளைவிக்கும். ஆதலின் முட்டுக்கட்டை இடுபவர் தேருக்குப் பகைவர் அல்லர். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவருள் அவரும் ஒருவரே.

மக்களாட்சியும் ஒரு தேர் போன்றது. அதனை இழுக்கும் கைகளும் வேண்டும்; வழி தவறாமல் திருப்பும் கட்டைகளும் வேண்டும். ஆட்சியை ஆதரித்துப் பேசுவோர் வடம் பிடிப்பவர்; குறை கண்டு எதிர்த்துப் பேசுவோர் கட்டை இடுபவர். இவ்வுண்மையை நாம் பெரும்பாலும் மறந்துவிடும் காலம் ஒன்று உண்டு. அதுவே தேர்தற் காலம்.

தேர்தல் வந்துவிட்டால் தெருவின் தோற்றமே மாறிவிடுகிறது. வீட்டுக்கு வீடு கொடிகள் பறக்கின்றன. ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன. நேற்றுவரை ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடியவர் இன்று ஒருவரை ஒருவர் காணாதவர்போல் நடக்கின்றனர். எதிர்வீட்டில் பறப்பது தம் கட்சிக் கொடி அன்று என்பதே காரணம். கொடிகள் வேறுபட்டால் உறவும் வேறுபடத்தான் வேண்டுமா?

கருத்து வேறுபாடு குற்றம் அன்று; அது இயற்கை. இராஜபாளையத்துத் தெரு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் பருத்தி பயிரிடும் உழவர் வாழ்கிறார். பருத்தியின் விலை உயரவேண்டும் என்பது அவர் விருப்பம். அடுத்த வீட்டில் தறி நெய்பவர் இருக்கிறார். பருத்தி விலை உயர்ந்தால் நூல் விலையும் உயருமே என்று அவர் அஞ்சுகிறார். மூன்றாம் வீட்டினர் பஞ்சாலைத் தொழிலாளி. கூலி உயர்வே அவருடைய கவலை. மூவரும் உழைப்பவர், மூவரும் நேர்மையானவர். எனினும் ஒரே செய்தியைப்பற்றி மூவரும் மூன்று விதமாக எண்ணுகின்றனர். ஒருவர் மட்டும் பேச, ஏனைய இருவரும் வாய் மூடியிருந்தால், அரசுக்கு உண்மையில் மூன்றில் ஒரு பங்கே தெரியவரும். மூவரும் பேசினால்தான் முழு உண்மையும் விளங்கும்.

பேச்சுரிமையை நம் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. அரசியலமைப்பு 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. வந்த சில வாரங்களிலேயே அவ்வுரிமை ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. அந்த வரலாறு இராஜபாளையத்தோடும் தொடர்புடையது.

அக்காலத்தில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கியவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. அவர் 1898இல் இராஜபாளையத்தில் பிறந்தவர்; நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர். 1949 ஏப்பிரல் மாதம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மாநிலத்தின் சில பகுதிகளில் அப்பொழுது கலகங்கள் நிகழ்ந்தன. அமைதியைக் காக்கும் கடமை அரசுக்கு இருந்தது. அதற்கென 1949இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தின்படி 1950 மார்ச்சு 1ஆம் நாள் மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பம்பாயில் வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்திற்குள் வரக்கூடாது என்பதே அவ்வாணை. அவ்விதழ் அரசின் கொள்கைகளைக் கண்டித்து எழுதி வந்தது.

இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகினார். 1950 மே 26ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. நீதிபதிகளுள் பெரும்பாலோரின் முடிவைத் தமிழ்நாட்டவராகிய பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். அரசியல் செய்திகளைத் தடையின்றி ஆராய்ந்து பேசும் உரிமை மக்களாட்சிக்கு அடித்தளம் என்று அத்தீர்ப்பு விளக்கியது. அமைதிக்கு ஊறு நேரலாம் என்னும் பொதுவான அச்சம் மட்டும் ஓர் இதழைத் தடுப்பதற்குப் போதாது என்று கூறித் தடையாணையை நீக்கியது.

நீதிபதி பசல் அலி இம்முடிவை ஏற்கவில்லை. அவர் தம் மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதினார். அதுவும் தீர்ப்போடு சேர்த்தே பதிவு செய்யப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஒரே இருக்கையில் அமர்ந்தவர்களும் ஒருவருக்கொருவர் மாறுபடலாம். மாறுபட்டவரின் சொல்லும் மதித்துப் போற்றப்படும். இதனினும் சிறந்த பாடம் அயல் வீட்டார்க்கு வேறு வேண்டுமோ?

இனி, பேச்சுரிமைக்கு எல்லையே இல்லையா என்னும் ஐயம் எழலாம். எல்லை உண்டு. 1951இல் அரசியலமைப்பில் செய்யப்பட்ட முதல் திருத்தம், பொது ஒழுங்கைக் காப்பதற்காகவும் நியாயமான வரையறைகளை விதிக்கலாம் என்று கூறியது. எவரும் பிறர்மீது பொய்ப்பழி சுமத்தலாகாது. குற்றம் செய்யுமாறு தூண்டலாகாது. சாதியையோ சமயத்தையோ காட்டி வாக்குக் கேட்பதைத் தேர்தற் சட்டம் முறைகேடு என்று விலக்குகிறது. 'உன் கட்சியின் திட்டம் தவறானது' என்பது பேச்சுரிமை. 'உன் இனத்தாரைத் தெருவில் நடமாடவிடேன்' என்பது அச்சுறுத்தல். முன்னது கருத்தோடு மோதுகிறது. பின்னது மனிதனைத் தாக்குகிறது. இவ்வேறுபாட்டை அறியாதவர் உரிமையின் பெயரால் தீமை செய்வர்.

மேலே கூறிய தீர்ப்பு வெளிவந்து இரண்டு ஆண்டுகள் நிறையுமுன் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அதற்குமுன் சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கே வாக்குரிமை இருந்தது. அத்தேர்தலில் 21 வயது நிறைந்த ஆண், பெண் அனைவரும் வாக்காளர் ஆயினர். எழுதப் படிக்க அறியாதவர் பலர் ஆதலால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் பொறித்த தனிப் பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் மறைவிடத்திற்குள் சென்று, தாம் விரும்பியவரின் பெட்டியில் சீட்டை இட்டு வந்தனர்.

முதலமைச்சர் குமாரசுவாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் போட்டியிட்டார். மாநிலத்தின் ஆட்சி அவர் கையில் இருந்தது. எனினும் பெட்டிகளைத் திறந்து எண்ணியபோது அவர் தோல்வியுற்றார். அவர் பிறந்த ஊருக்கு அண்மையில் வாழ்ந்த மக்களே அம்முடிவை வழங்கினர். மாநிலம் முழுவதிலும் 375 இடங்களில் காங்கிரசுக் கட்சி பெற்றவை 152. பிற கட்சியினர் பலர் சட்டமன்றத்தில் நுழைந்தனர். 1952 ஏப்பிரலில் குமாரசுவாமி ராஜா பதவியினின்று விலக, இராசாசி முதலமைச்சரானார்.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியைச் சிறிது எண்ணிப் பாருங்கள். முடியாட்சிக் காலத்தில் ஆள்பவரை மாற்றப் போர் வேண்டியிருந்தது. குருதி சிந்த வேண்டியிருந்தது. இங்கோ, உழவரும் நெசவாளரும் தாய்மாரும் ஒரு துண்டுச் சீட்டால் முதலமைச்சரை மாற்றினர். மறுநாள் காலையில் அவரவர் தம் வேலைக்குச் சென்றனர்.

தோல்வி குமாரசுவாமி ராஜாவையும் அவர் ஊரையும் பிரித்துவிடவில்லை. பின்னர் 1954 முதல் 1956 வரை அவர் ஒரிசாவின் ஆளுநராகப் பணிபுரிந்தார். 1957இல் மறைந்தார். இராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டையே காந்தி கலை மன்றத்திற்காக அவர் பொதுமக்களுக்கு வழங்கினார். வாக்களித்தவர்க்கு மட்டும் என்று அவ்வீட்டின் கதவில் எழுதவில்லை.

இவ்வட்டாரத்தில் இதுபோன்ற வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராசர், 1967இல் தம் சொந்த ஊராகிய விருதுநகரில் ஓர் இளம் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மக்களின் முடிவை அவரும் ஏற்றுக்கொண்டார். வெற்றியைத் தாங்குவது எளிது. தோல்வியைத் தாங்குவதே மக்களாட்சியின் பயிற்சி.

பெருந்தலைவர்கள் இவ்வாறு நடந்துகொள்ள, தெருவில் வாழும் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள் இதற்கு விடை கூறுகின்றன. ஒருவருடைய அரசியற் கருத்து எவ்வளவு வெறுப்பைத் தந்தாலும், அவர் தம் வீட்டில் அமைதியாக வாழும் உரிமையை மதிக்கவேண்டும். அவர் வீட்டின்முன் கூடி ஆர்ப்பாட்டம் செய்தலாகாது. உரிமையாளரின் இசைவின்றி அவர் சுவரில் எழுதுதலும் கொடி கட்டுதலும் கூடா. ஒரு கட்சியின் சுவரொட்டியை மற்றொரு கட்சியினர் அகற்றலாகாது. பிறருடைய கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பது, விதிமீறல் மட்டும் அன்று. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்டு வற்புறுத்தவும் எவருக்கும் உரிமை இல்லை. தந்தையாயினும் தலைவராயினும் இதுவே விதி.

சட்டம் வெளிச்செயலைத்தான் தடுக்க முடியும். உள்ளத்தைப் பண்படுத்துவது நம் கடமை. இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு காட்சியைக் கற்பனை செய்து காண்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெரு. எதிரெதிர் வீட்டார் இருவர் வெவ்வேறு கட்சியினர். ஓர் இரவு பொதுக்கூட்டத்தில் காரசாரமான பேச்சைக் கேட்டுத் திரும்பிய சிறுவன் ஒருவன், எதிர்வீட்டுக் கொடியை அறுத்துச் சாக்கடையில் எறிந்துவிட்டான். தன் தந்தை மகிழ்வார் என்பது அவன் எண்ணம். காலையில் செய்தியை அறிந்த தந்தை ஒன்றும் பேசவில்லை. சாக்கடையிலிருந்து கொடியை எடுத்துவந்து, மகன் கையில் கொடுத்துத் துவைக்கச் செய்தார். அது உலர்ந்தபின் அவனை அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குச் சென்றார்.

"அண்ணாச்சி, உங்கள் கொடியை அறுத்தவன் இவன்தான். இவன் கையாலேயே கட்ட இசைவு தாருங்கள்" என்றார்.

"போகட்டும் தம்பி, சிறுபிள்ளைதானே!" என்றார் முதியவர்.

"சிறுபிள்ளையாக இருக்கும்போதே கற்கட்டும், அண்ணாச்சி. நாளை இவனும் வாக்காளன். இன்று உங்கள் கொடியை அறுத்தவன், நாளை என் வாயையும் அடைப்பான்."

சிறுவன் தலை குனிந்தான். "மன்னித்துக்கொள்ளுங்கள், பெரியப்பா" என்று கூறிக் கொடியைக் கட்டினான். முதியவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தந்தையை நோக்கி, "நேற்று உங்கள் கூட்டத்தில் கண்மாய் மடையைப்பற்றிப் பேசினார்களே, அது உண்மைதான், தம்பி. அதனை எங்கள் கட்சிக்காரர்களிடம் நானே கேட்கப்போகிறேன். ஆனால் என் வாக்கு உங்களுக்கு இல்லை!" என்றார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தனர்.

அத்தெருவில் இரண்டு கொடிகளும் பறந்தன. முதியவர் தம் கட்சியை விட்டு விலகவில்லை. தந்தையும் தம் கொள்கையை விடவில்லை. எனினும் கண்மாய் மடையைப்பற்றிய உண்மை, ஒரு கட்சியின் மேடையிலிருந்து மற்றொரு கட்சியாரின் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. கொடி அறுந்தே கிடந்திருந்தால் அவ்வுண்மை அங்கு வந்திருக்குமா?

தேர்தல் சில வாரங்களில் முடிந்துவிடும். கொடிகள் இறங்கும்; ஒலிபெருக்கிகள் ஓயும். அடுத்த வீட்டார் மட்டும் அங்கேயே இருப்பர். நள்ளிரவில் நோய் வந்தால் ஓடிவருபவர் அவர். மணநாளில் பந்தற்கால் நட உதவுபவர் அவர். அடுத்த ஆடிப்பூரத்தில் அதே வடத்தை நமக்கு முன்னோ பின்னோ நின்று பற்றுபவரும் அவரே. ஒரு நாள் அவர் வடம் பிடிக்கலாம். மற்றொரு நாள் முட்டுக்கட்டை இடலாம். இரண்டும் தேர்ப்பணியே என்று அறிந்தவர் நல்ல அயலார்; அவரே நல்ல குடிமகனும் ஆவார்.

பயிற்சி

1. முட்டுக்கட்டை இடுபவர் தேருக்குப் பகைவர் அல்லர் என்று ஆசிரியர் கூறுவது ஏன்?
2. ஒரே தெருவில் வாழும் மூவர் பருத்தி விலைபற்றி மாறுபட்டு எண்ணக் காரணம் யாது?
3. 1950 மே 26இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் கருத்தை உம் சொற்களில் எழுதுக.
4. பேச்சுரிமைக்கும் அச்சுறுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
5. "இன்று உங்கள் கொடியை அறுத்தவன், நாளை என் வாயையும் அடைப்பான்" – இக்கூற்றின் பொருளை ஆராய்க.
6. நும் வகுப்பில் ஒரு பொருள்பற்றிச் சொற்போர் நடத்துக. நீவிர் ஏற்காத கட்சியின் சார்பாக ஐந்து மணித்துளி பேசுக.