கணக்கை முடிக்காமலே விடை காணும் கணக்கு

வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஜிமேட் தேர்வு எழுதும் நம் மாணவ மாணவியர், 'டேட்டா சஃபிஷியன்சி' எனும் தரவுப் போதுமை வினாக்களில் கவனம் செலுத்த வேண்டும். இவை இடம்பெறும் டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு 45 நிமிடம். மொத்தம் 20 வினாக்கள். வினாவுக்குச் சராசரி இரண்டேகால் நிமிடம்தான். ஒவ்வொன்றையும் கடைசிவரை போட்டுப் பார்ப்பவருக்கு நேரம் போதாது.

இங்கே ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தரப்படும். விடை என்ன என்று கேட்பதில்லை. விடை காணக் கூற்றுகள் போதுமா என்றே கேட்கிறார்கள். தெரிவுகள் எப்போதும் இந்த ஐந்துதான்:

ஏ – முதல் கூற்று மட்டும் போதும்.
பி – இரண்டாவது மட்டும் போதும்.
சி – இரண்டும் சேர்ந்தால்தான் போதும்.
டி – தனித்தனியே ஒவ்வொன்றும் போதும்.
இ – இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

முதல் கூற்றைத் தனியே பாருங்கள். போதும் என்றால் மிஞ்சுவது ஏ, டி மட்டுமே. போதாது என்றால் பி, சி, இ. ஒரே சோதனையில் பாதி வேலை முடிந்தது. இரண்டாவதைப் பார்க்கும்போது முதல் கூற்றை அடியோடு மறந்துவிட வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஒரு மாணவி 5 ரூபாய்ப் பென்சில்களும் 7 ரூபாய்ப் பேனாக்களும் வாங்கினாள். பேனா எத்தனை?
(1) மொத்தச் செலவு 31 ரூபாய்.
(2) மொத்தம் 5 பொருள்கள்.

தெரியாதவை இரண்டு, சமன்பாடும் இரண்டு என்று அவசரமாக 'சி' குறிப்பவர்கள் உண்டு. ஆனால் பொருள்களின் எண்ணிக்கை முழு எண். 7, 14, 21, 28 என்று 31இலிருந்து கழித்தால், 21ஐக் கழிக்கும்போது மட்டுமே மீதி 5ஆல் வகுபடும். ஆகவே பேனா மூன்றே. முதல் கூற்றே போதும், விடை 'ஏ'.

மறுபுறம், '3 பேனா, 2 பென்சில் 46 ரூபாய்', '6 பேனா, 4 பென்சில் 92 ரூபாய்' என்ற இரு கூற்றுகளும் உண்மையில் ஒன்றே. பேனாவின் விலை கேட்டால் விடை 'இ'.

இன்னொன்று: 'இந்த எண் இரட்டை எண்ணா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதுவும் போதுமான தரவே. சில வேளை ஆம், சில வேளை இல்லை என்றால்தான் போதாது.

இரு கூற்றுகளும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. முரண்பட்டதாகத் தெரிந்தால் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். நாளொன்றுக்குப் பத்து வினா போதும். ஒவ்வொன்றிலும் 'ஏன் போதாது' என்பதை ஒரு வரியில் எழுதிப் பழகுங்கள்.