கார் ஏ.சி. குளிரவில்லையா?

வெயில் காலம். காரில் ஏ.சி. போடுகிறோம். காற்று வருகிறது. ஆனால் குளிர்ச்சி இல்லை. உடனே என்ன சொல்கிறோம்? "கேஸ் தீர்ந்து போச்சு" என்கிறோம். பணம் கொடுத்துக் கேஸ் போடுகிறோம். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை.

ஏ.சி. கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீருமா? நாமே வீட்டில் எதைப் பார்க்கலாம்? எதில் கை வைக்கக் கூடாது? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

டாக்ஸி, வேன், லாரி ஓட்டுபவர்களுக்கு இது மிகவும் பயன்படும். புதிதாகத் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. அதனால் லாரிக்காரர்களுக்கும் இனி இந்த வேலை தெரிய வேண்டும்.

ஏ.சி. எப்படிக் குளிர்விக்கிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்த்த உடம்பில் காற்று பட்டால் சில்லென்று இருப்பதும் இதனால்தான்.

கார் ஏ.சி.யிலும் இதே வேலைதான் நடக்கிறது. மூடிய குழாய்களுக்குள் ஒரு வாயு சுற்றி வருகிறது. அது திரவமாகிறது. மறுபடி ஆவியாகிறது. இந்த வேலையைச் செய்யும் பாகங்கள் ஐந்து.

1. கம்ப்ரசர்: என்ஜின் பெல்ட்டால் சுற்றும். வாயுவை அழுத்தும். அழுத்தும்போது வாயு சூடாகும்.

2. கண்டென்சர்: காரின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். சூடான வாயு இங்கே வெளிக்காற்றில் சூட்டை விட்டுத் திரவமாகும்.

3. ட்ரையர்: ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். சில கார்களில் கண்டென்சரோடு சேர்ந்தே இருக்கும்.

4. எக்ஸ்பான்ஷன் வால்வு: மிகச் சிறிய துளை. இதன் வழியாகத் திரவம் பீறிட்டு வரும். அழுத்தம் குறையும். திரவம் மிகவும் குளிர்ந்துவிடும்.

5. கூலிங் காயில்: டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும். இதன் மேல் மின்விசிறி காற்றை ஊதும். காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு திரவம் ஆவியாகும். குளிர்ந்த காற்று நம் மேல் வரும். ஆவி மறுபடி கம்ப்ரசருக்குப் போகும்.

ஆக, ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. வாயு செலவாவதே இல்லை. சுற்றிச் சுற்றி வருகிறது.

கேஸ் எங்கே போச்சு?

மும்பை தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே டாக்ஸி ஓட்டும் ஒருவர், தன் மனைவியோடு மெக்கானிக் அண்ணாச்சியிடம் வருகிறார். அவர்கள் பேசுவதைக் கேட்போம்.

"வாங்க தம்பி. என்ன, முகம் வாடிக் கிடக்கு?"

"ஏ.சி. மறுபடி படுத்துருச்சு அண்ணாச்சி. மார்ச்சில் கேஸ் போட்டேன். ஏப்ரலில் போட்டேன். இப்போ மே மாசம். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். குளிரவில்லை என்றால் ஏறின ஆள் பாதி வழியில் இறங்கிடுறாங்க."

"கேஸ் போட்ட இடத்தில் ஓட்டை எங்கே என்று பார்த்தார்களா?"

"இல்லை. குழாயை மாட்டினாங்க. கேஸ் விட்டாங்க. அனுப்பிட்டாங்க."

"அப்போ ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்தின கதைதான். தம்பி, ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கேஸ் கசியும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். இரண்டு மாசத்தில் காலியானால் எங்கோ ஒழுகுது என்று அர்த்தம். கேஸோடு சேர்ந்து எண்ணெயும் சுற்றி வருது. கம்ப்ரசருக்கு அந்த எண்ணெய்தான் உயிர். கேஸ் குறைந்தால் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. கம்ப்ரசர் தேய்ந்து போகும். அப்புறம் ஆயிரத்தில் இல்லை, பல ஆயிரத்தில் செலவு."

அண்ணாச்சி பானட்டைத் திறந்தார். குழாய்கள் சேரும் இடங்களை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இங்கே பாருங்க. இந்த மூட்டில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. அதில் தூசி ஒட்டியிருக்கு. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும்."

என்ஜினை நிறுத்திய பிறகு சோப்பு நுரையைத் தடவினார். சின்னச் சின்னக் குமிழி வந்தது.

மனைவி பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். "அண்ணாச்சி, இதில் 'ஆர்-134ஏ' என்று போட்டிருக்கு. கீழே 380 கிராம் என்று இருக்கு. அது என்ன?"

"நல்லாக் கேட்டீங்க தங்கச்சி. இந்தக் காருக்கு எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று கம்பெனியே எழுதி வைத்திருக்கு. குறைந்தாலும் குளிராது. கூடினாலும் குளிராது. அதனால் கண் அளவில் போடக் கூடாது. எடை போட்டுத்தான் போடணும்."

அண்ணாச்சி மீதி இருந்த கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தார். மூட்டைப் பிரித்தார். உள்ளே இருந்த சிறிய ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதியது மாற்றினார். குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றிக் கசிவு இல்லை என்று பார்த்தார். பிறகு வேக்குவம் பம்பு போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரம் இழுத்தார். கடைசியில் 380 கிராம் கேஸ் போட்டார்.

மார்ச், ஏப்ரலில் கொடுத்த 3,000 ரூபாய் காற்றோடு போனது. பழுது ஒரு ரப்பர் வளையத்தில் இருந்தது!

வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

குளிரவில்லை என்றால் எப்போதும் கேஸ்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். கீழே உள்ளவற்றை முதலில் பாருங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் முடி ஆகியவற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் நான்கையும் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சூடு ஆறிய பின் பாருங்கள்.

1. காற்று வடிகட்டி: பல கார்களில் டேஷ்போர்டு அலமாரிக்குப் பின்னால் இருக்கும். தூசி அடைத்தால் காற்று குறைவாக வரும். தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மிகவும் கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

2. கண்டென்சர்: மண், பூச்சி, இலை அடைத்திருக்கிறதா? மெல்லிய தகடுகள் வளையாமல், குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள்.

3. பெல்ட்: வெடிப்பு, நார் பிரிதல், தளர்வு இருக்கிறதா? தளர்ந்த பெல்ட் வழுக்கும். 'கிரீச்' என்று சத்தம் வரும்.

4. பியூஸ்: பியூஸ் பெட்டி மூடியில் படம் இருக்கும். ஏ.சி. பியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். பெரிய பியூஸ் போடாதீர்கள். கம்பி சுற்றாதீர்கள். தீப்பிடிக்கும். புதியதும் எரிந்தால் ஒயரிங்கில் பழுது. எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இனி என்ஜினை ஓட விட்டு, ஏ.சி. போட்டு, தள்ளி நின்று பாருங்கள்.

5. கண்டென்சர் விசிறி: ஏ.சி. போட்டதும் சிறிது நேரத்தில் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் விசிறி மோட்டார், ரிலே அல்லது ஒயரில் பழுது இருக்கலாம். இந்த விசிறி தானாகவே சட்டென்று சுற்றத் தொடங்கும். விரலை நீட்டாதீர்கள்.

6. கம்ப்ரசர் கிளட்ச்: ஏ.சி. போட்டதும் 'டக்' என்று சத்தம் வரும். கம்ப்ரசரின் முன் தட்டு சுற்றும். சுற்றாவிட்டால் மின்சாரம் வரவில்லை, அல்லது கேஸ் மிகவும் குறைந்துவிட்டது. கேஸ் குறைந்தால் ஒரு சுவிட்ச் கம்ப்ரசரைக் காப்பாற்ற அதை நிறுத்திவிடும். சில புதிய கார்களில் கிளட்ச் கிடையாது. அவற்றில் இந்தச் சத்தம் வராது.

7. தண்ணீர்: ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும். அது பழுது அல்ல. காற்றில் இருந்த ஈரம்தான் அது. வெளியே சொட்டாமல் காலடி மிதியடி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

அறிகுறியும் காரணமும்

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் குளிரவில்லை: விசிறி அல்லது கண்டென்சரைப் பாருங்கள்.

காற்றே குறைவாக வருகிறது: வடிகட்டியைப் பாருங்கள்.

கெட்ட நாற்றம் வருகிறது: கூலிங் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கலாம். வடிகட்டியும் காரணமாகலாம்.

காற்று நன்றாக வருகிறது, கம்ப்ரசரும் ஓடுகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை: மெக்கானிக்கிடம் போங்கள். கேஸ் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றில் கை வைக்காதீர்கள்

கேஸ் குழாயின் நட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தம் அதிகம். ஆர்-134ஏ வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம்.

கசியும் இடத்தில் பீடி, தீக்குச்சி, வெல்டிங் வேண்டாம். இந்த வாயு நெருப்பில் பட்டால் நச்சுப் புகையாகும்.

சமையல் கேஸை ஏ.சி.யில் ஏற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது குளிரும். ஆனால் கூலிங் காயில் நாம் உட்காரும் இடத்தில் இருக்கிறது. அங்கே கசிந்தால் ஒரு பொறி போதும்.

மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் கம்ப்ரசர் உயர் மின்அழுத்தத்தில் ஓடும். ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடாதீர்கள்.

மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள். ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றி, நின்ற வண்டியில் தூங்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

ஏ.சி.யைக் கழற்ற வேண்டுமா?

பழைய காரில் சிலர் ஏ.சி.யை எடுத்துவிட நினைப்பார்கள். அப்போதும் முதல் வேலை பட்டறையில்தான். கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதன் பிறகே குழாயைப் பிரிக்கலாம்.

பெல்ட்டையும் யோசியுங்கள். சில கார்களில் ஒரே பெல்ட், கம்ப்ரசரையும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துச் சுற்றும். கம்ப்ரசரை எடுத்தால் அந்தப் பெல்ட் நீளம் சரிப்படாது. மெக்கானிக்கிடம் கேட்காமல் எடுத்தால் வண்டி வழியில் நிற்கும்.

அவிழ்த்த ஒயர் நுனிகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். பாகங்களை மறுபடி பொருத்தும் எண்ணம் இருந்தால் குழாய் வாய்களை உடனே மூடுங்கள். ஈரம் புகுந்தால் பாகங்கள் கெடும்.

கேஸை ஏன் காற்றில் விடக் கூடாது?

முன்பு கார்களில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. அது ஓசோன் படலத்தைக் கெடுத்தது. ஓசோன் படலம் வெயிலின் கெட்ட கதிர்களைத் தடுக்கும் குடை. அந்தக் குடையைக் காக்க 1987-ல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1992-ல் சேர்ந்தது. ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது.

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-134ஏ, ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-ல் கிகாலியில் உடன்பாடு ஆனது. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. ஆகவே கேஸைத் திறந்து விடுவது நம் தலையில் நாமே வெயிலைக் கொட்டிக்கொள்வது போல.

பட்டறையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. கசிவு எங்கே? எனக்குக் காட்டுங்கள்.
2. பழைய கேஸை உறிஞ்சி எடுத்தீர்களா?
3. வேக்குவம் எவ்வளவு நேரம் போட்டீர்கள்?
4. எந்தக் கேஸ், எத்தனை கிராம் போட்டீர்கள்?
5. இவற்றைப் பில்லில் எழுதித் தருவீர்களா?

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். பில்லை வாங்கிப் படியுங்கள். பத்திரமாக வையுங்கள்.

பயிற்சி

அ. சரியா, தவறா?
1. ஏ.சி. கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீரும்.
2. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் ஏ.சி. பழுது.
3. கேஸ் அளவு அதிகமானாலும் குளிர்ச்சி குறையும்.

ஆ. கணக்குப் போடுங்கள்.
ஒருவர் ஒரு வெயில் காலத்தில் 3 முறை கேஸ் போட்டார். ஒரு முறைக்கு 1,500 ரூபாய். மொத்தம் எவ்வளவு? முதல் முறையே கசிவை அடைக்க 600 ரூபாயும் கேஸுக்கு 1,500 ரூபாயும் கொடுத்திருந்தால் எவ்வளவு மிச்சம்?

இ. செய்து பாருங்கள்.
உங்கள் வண்டி அல்லது தெரிந்தவர் வண்டியின் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஏ.சி. தாளைத் தேடுங்கள். கேஸின் பெயரையும் கிராம் அளவையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.